கரி பஸ்ஸும் தொப்புள்கொடியும்

பூந்தமல்லியிலிருந்து பட்டணம் போகும் எட்டரை மணி பஸ் அன்று ஒன்பதரைக்குக் கிளம்பியது. யாரும் குறை சொல்லவில்லை. யுத்தம் தொடங்கி நாலாவது வருஷம். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, பஸ்கள் மரக்கரியில் ஓடின. கரி பஸ்ஸுக்குக் காலையில் அடுப்பு மூட்ட வேண்டும், விசிறி சுற்ற வேண்டும், அப்புறம் அது மனசு வைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் நின்றது. உள்ளே கரி, அடியில் நெருப்பு. தாராளமாகக் காற்று கிடைத்தால் கரி முழுசாக எரிந்து சாம்பலாகிவிடும். அதனால் அடியில் உள்ள ஒரே ஒரு துவாரத்தின் வழியாக, அரை வயிற்றுக் கஞ்சி மாதிரிதான் காற்று விடுவார்கள். அரைகுறையாக எரிந்த கரி ஒரு வாயுவை விடும். அந்த வாயுவுக்கு இன்னும் எரிகிற குணம் பாக்கி இருக்கும். குழாய் வழியே அதை உறிஞ்சித்தான் எஞ்சின் ஓடும். இதில் அழகு என்னவென்றால், எஞ்சின் உறிஞ்சுகிற உறிஞ்சலில்தான் நெருப்புக்கே காற்று வருகிறது. ஓடினால் நெருப்பு கனியும், நின்றால் மங்கும். அதனால் டிரைவர் ஜம்புலிங்கத்துக்கு பஸ்ஸை நிறுத்துவது என்றால் வேப்பங்காய். ஊருக்கு ஊர் வண்டியை மெதுவாக்குவார், ஜனங்கள் ஓடி வந்து தொற்றிக்கொள்வார்கள்.

வானகரத்தில் மட்டும் நிறுத்தினார். ஏறியது நிறைமாசக்காரி வடிவு. அவளைப் பின்னாலிருந்து தாங்கி ஏற்றியவள் ஜில்லா போர்டு மருத்துவச்சி ரோஷன் பேகம். தோல் பையும் வெள்ளைப் புடவையுமாக சுற்றுப்பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் கால் வைத்தவள்.

"இன்னா நர்சம்மா நீ, வலியே ஒயுங்கா வரல. அதுக்குள்ள பட்டணத்துக்கு இஸ்துகினு போறியே! எங்க மாமியாரு சிரிக்குது."

"சிரிக்கட்டும். உம் புள்ளை தலை இன்னும் எறங்கல. கைய வச்சா தண்ணியில பந்து மாதிரி ஆடுது. உக்காரு."

ரோஷன் பேகத்தின் கவலை இதுதான். மாசம் நிறைந்த பிள்ளையின் தலை தாயின் இடுப்பெலும்புக்குள் இறங்கி, குப்பிக்குத் தக்கை போல வாயை அடைத்துக்கொள்ள வேண்டும். தலை மேலேயே மிதந்தால் கீழே இடம் காலியாக இருக்கும். அந்த நிலையில் பனிக்குடம் உடைந்தால், தண்ணீரோடு தொப்புள்கொடியும் வழுக்கிக்கொண்டு தலைக்கு முன்னால் வந்துவிடக்கூடும். வலி மெல்லிசாக இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் நல்லது என்று அவள் கணக்குப் போட்டாள். வடிவின் புருஷன் எத்திராஜ் ஆவடி பட்டாள டிப்போவுக்கு வேலைக்குப் போயிருந்தான். அவனுக்குச் சேதி சொல்லி அனுப்பிவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

கணக்கு சரிதான். மதுரவாயல் பள்ளத்துக்கு அது தெரியவில்லை. பஸ் ஒரு குதி குதித்தது. கடைசி பெஞ்சிலிருந்த வடிவு, "ஐயையோ, தண்ணி!" என்றாள்.

ரோஷன் பேகம் பையிலிருந்த கிருமி கொல்லும் லைசால் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டு, புடவை மறைப்பில் சோதித்தாள். விரலில் தலை தட்டுப்படுமுன் வேறொன்று தட்டுப்பட்டது. வழவழவென்று, சுண்டுவிரல் பருமனில், துடித்துக்கொண்டு.

கொடி.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மூச்சும் சோறும் அந்தக் கொடி வழியாகத்தான். தலை கீழே அழுத்தினால், கொடி தலைக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ரப்பர் குழாய் மேல் காலை வைத்தது மாதிரிதான். சில நிமிஷத்தில் பிள்ளை போய்விடும். கொடியை உள்ளே திணிக்கப் பார்த்தால் அது சுருண்டு இன்னும் மோசமாகும். செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: தலையை மேலே தள்ளி, ஆஸ்பத்திரி வரும்வரை அங்கேயே நிறுத்தி வைப்பது. ரோஷன் பேகம் இரண்டு விரலால் தலையை மேலே தாங்கினாள். நசுங்கியிருந்த கொடி மறுபடி விறுவிறுவென்று துடித்தது.

"வடிவு, கீழ எறங்கு. முட்டி போட்டு மாரைத் தரையில வை. நாங்க தொழுவுறப்ப சஜ்தா செய்யறத பாத்துகீறல்ல, அந்த மாதிரி. பின்பக்கம் ஒசரமா இருக்கணும்."

"பஸ்ஸுலயா? இத்தினி ஆம்பளைங்க கீறாங்க!"

"கண்ணு, உந் தலை கீழ போனா புள்ளை உன் நெஞ்சுப் பக்கமா வழுக்கும். கொடி பொழைக்கும். வெக்கத்த அப்பால வச்சுக்கலாம்."

வடிவு இறங்கினாள். இரண்டு பெண்கள் ஒரு புடவையைத் திரையாகப் பிடித்தார்கள். முட்டிக்குக் கீழே ஒரு நெல் மூட்டை. ரோஷன் பேகம் அவள் பின்னால் முழங்காலிட்டு, வலக்கையை எடுக்காமலே, "கண்டக்டரே! எங்கேயும் நிக்காம எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு வுடச் சொல்லு! கொடி எறங்கிப் போச்சு!" என்று கத்தினாள்.

கண்டக்டர் நாகேந்திரனுக்குக் கொடி என்றால் என்னவென்று தெரியாது. குரல் தெரிந்தது. "அண்ணாத்தே! எங்கியும் நிறுத்தாத! ஆம்பளைங்க எல்லாம் முன்னாடி பாருங்க! எவனாச்சும் திரும்புனா ரோட்டுல உருட்டி வுட்டுடுவேன்!"

"நிறுத்தாதன்னு ஏங்கிட்டயே சொல்றியா?" என்றார் ஜம்புலிங்கம். வேலையில் சேர்ந்த நாளாக அவர் கேட்க ஏங்கிய உத்தரவு அது.

பஸ் பறந்தது. பறந்தது என்றால், சைக்கிள்காரர்களை முந்தியது. நெற்குன்றத்தில் கை காட்டியவர்கள் கை காட்டியபடியே பின்னால் போனார்கள். ஒரு மனுஷர் குடையோடு அரை மைல் ஓடி வந்து திட்டினார். எழும்பூர் தாண்டி இறங்க வேண்டியவர்களுக்குக் கொண்டாட்டம், நடுவில் இறங்க வேண்டியவர்களுக்கும் ஏனோ கொண்டாட்டமாகவே இருந்தது.

"ஓடுதா நர்சம்மா?" என்று நாகேந்திரன் திரைக்கு வெளியிலிருந்து கேட்பான்.

"ஓடுது!"

"ஓடுதாம் அண்ணாத்தே!"

ஒவ்வொரு வலி வரும்போதும் தலை ரோஷன் பேகத்தின் விரல்மேல் இரும்புக் குண்டாக இறங்கும், துடிப்பு மந்தமாகும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவாள். வலி தணிந்ததும் துடிப்பு திரும்ப வேகம் பிடிக்கும். அது வேகம் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே ஒருத்தர் பிடிவாதமாக இருக்கிறார் என்று பட்டது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார வேம்புலியம்மாளால் முடியவில்லை. அவள் கீரை விற்கப் போகிறவள், ஏழு பெற்றவள். பிரசவம் சிக்கலானால் வீட்டில் கட்டியிருப்பதை எல்லாம் அவிழ்க்க வேண்டும், மூடியிருப்பதை எல்லாம் திறக்க வேண்டும், அப்போதுதான் பிள்ளை தடையில்லாமல் இறங்கும் என்று அவளுடைய தெருவில் எல்லாருக்கும் தெரியும். இந்த பஸ்ஸில் எத்தனை முடிச்சு!

"அவுருங்கடி எல்லாத்தையும்! முடி, மூட்டை, கூடை, ஒண்ணு வுடாத! மூடி கீறதெல்லாம் தொறந்து வுடுங்க!"

பெண்கள் கொண்டையை அவிழ்த்தார்கள். கீரைக்கட்டுகள் அவிழ்ந்தன. கத்தரிக்காய் மூட்டை அவிழ்ந்து, கத்தரிக்காய்கள் முன்பக்கம் வரை உருண்டு போய்க் கிளச்சில் சிக்கின. யாரோ கோழிகளின் கால்கட்டை அவிழ்க்க, அவை வடிவின் தலைக்கு மேலாகப் பறந்தன. புகையிலை டப்பா, மூக்குப்பொடி மட்டை, டிபன் கேரியர் எல்லாம் திறந்தன. ஒரு பெரியவர் உணர்ச்சிவசப்பட்டு இடுப்பு வேட்டியில் கை வைத்தார்.

"அது வாணாம் நைனா," என்றான் நாகேந்திரன்.

பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த கொத்தனார் தங்கவேலிடம் அவிழ்க்க ஒன்றுமில்லை. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் மூக்குக்கு நேராக, அந்த பஸ்ஸிலேயே பெரிய மூடி இருந்தது. தலைத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, திருகைத் திருகி, கரிப்பீப்பாயின் மூடியைத் திறந்துவிட்டான்.

புஸ்ஸென்று ஒரு மஞ்சள் நாக்கு எழுந்து அவன் புருவத்தைக் கொண்டு போயிற்று. மேலே வாய் திறந்ததும் காற்று சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டது. அடியில் உள்ள சின்னத் துவாரத்தை எட்டிப் பார்க்கக்கூட இல்லை, நெருப்பின் பக்கம் போகவே இல்லை. எஞ்சினுக்கு வாயுவுக்குப் பதில் வெறும் காற்று போயிற்று. எஞ்சின் இரண்டு தரம் இருமியது, ஒரு தரம் ஏப்பம் விட்டது. கூவத்துப் பாலத்து ஏற்றத்துக்கு நூறு கெஜம் முன்னால் பஸ் நின்றது.

நின்ற பஸ்ஸின் அமைதியில் வடிவுக்குப் பெரிய வலி வந்தது.

"எவண்டா மூடியத் தொறந்தவன்!" என்று ஜம்புலிங்கம் குதித்திறங்கினார். தங்கவேல் புருவமில்லாத முகத்தோடு, "புள்ளைக்காகத்தான்..." என்றான்.

"நான்தான் தொறக்கச் சொன்னேன், இன்னா இப்போ? புள்ளை எறங்க வேணாமா?" என்று வேம்புலியம்மாள் சண்டைக்கு நின்றாள்.

திரைக்குப் பின்னாலிருந்து ரோஷன் பேகத்தின் குரல் வந்தது. அதில் சிரிப்பு இல்லை. "எறங்கக் கூடாதும்மா! எறங்கக் கூடாதுன்னுதான் நான் இந்தக் கையால புடிச்சுகினு கீறேன்! எறங்குனா கொடி நசுங்கி புள்ளை செத்துப் போவும். துடிப்பு கொறையுது. வண்டிய எடுங்க!"

வேம்புலியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விசிறியைச் சுற்றி நெருப்பைக் கனிய வைக்கக் கால் மணி ஆகும். ரோஷன் பேகத்தின் விரல்களில் அவ்வளவு பலம் இல்லை. ஜம்புலிங்கம் மூடியை இறுக்கித் திருகிவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க. வண்டி உருண்டா எஞ்சின் சுத்தும். சுத்துனா உறிஞ்சும். உறிஞ்சுனா காத்து கீழ வழியா வந்து நெருப்பு தானா கனியும். விசிறிய விட இது வேகம். நீங்கதான் இப்போ துருத்தி!"

இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். அவிழ்ந்த தலைமுடியோடு பெண்களும் தோள் கொடுத்தார்கள்.

"தள்ளு!" என்றார் ஜம்புலிங்கம்.

உள்ளே வடிவு தம் பிடித்தாள்.

"நீ தள்ளாத!" என்று ரோஷன் பேகம் அலறினாள். "ஊது! வெளக்க அணைக்கிற மாதிரி உஸ்ஸு உஸ்ஸுன்னு ஊது!"

"தள்ளு, தள்ளு, வுடாத!"

"ஊது, ஊது, தள்ளாத!"

"யாருதான் தள்றது, ஒரு முடிவுக்கு வாங்க!" என்று கத்தி ஊதினாள் வடிவு. ஊதும்போது தம் பிடிக்க முடியாது. தம் பிடிக்காவிட்டால் தலையைக் கீழே உந்தவும் முடியாது. ரோஷன் பேகத்தின் விரல் நுனியில் பாரம் கொஞ்சம் இளகியது. அதன் ஓரமாகத் துடிப்பு ஒன்று, இரண்டு என்று வந்து, பிறகு விடுபட்ட கன்றுக்குட்டி போல ஓட்டம் பிடித்தது. அதே சமயம் எஞ்சின் இருமி, கனைத்து, பிடித்துக்கொண்டது. தள்ளியவர்கள் ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறினார்கள். தங்கவேல் கடைசியாக ஏறி, மூடியின் பக்கத்தில் காவலுக்கு நின்றான்.

"ஓடுதா நர்சம்மா?"

"ஓடுது! ரெண்டும் ஓடுது!"

வேம்புலியம்மாள் சிதறிய கீரையைக் கூடையில் அள்ளிப் போட்டாள். பிறகு திரைக்குள் தலையை நீட்டினாள். "அப்போ, புள்ளை எறங்காம இருக்க இன்னா செய்யணும் தாயே?"

"உனக்குத் தெரிஞ்சத செய் ஆத்தா," என்றாள் ரோஷன் பேகம். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. "முடிச்சு போடு."

அமைந்தகரை வருமுன் பஸ் முழுக்க முடிச்சு. கீரைக்கட்டுகளுக்கு மும்மூன்று முடிச்சு. கொண்டைகள் ஏறின. கோழிகளைப் பிடித்துக் கால் கட்டினார்கள். ஒரு கோழியைக் காணாமல் அதன் சொந்தக்காரி தன் முந்தானையில் இரண்டு முடிச்சு சேர்த்துப் போட்டாள். பெரியவர் வேட்டியை இறுக்கிக் கட்டி அதன்மேல் துண்டையும் கட்டிக்கொண்டார். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவரின் மேல்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிவிட்டாள் வேம்புலியம்மாள். எழும்பூரில் அவர்கள் இறங்கும்போதுதான் அது தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் தூக்குக்கட்டில் வந்தது. வடிவை அதே கோலத்தில் தூக்கி வைத்தார்கள். ரோஷன் பேகம் கையை எடுக்காமல் குனிந்தபடி பக்கவாட்டில் ஓடினாள். "கொடி இறங்கியிருக்கு, துடிப்பு இருக்கு, கருப்பை வாய் பாதிதான் திறந்திருக்கு," என்றாள். டாக்டரம்மா ஒரு தரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன். நீங்க கையை எடுக்காதீங்க. நான் எடுன்னு சொன்னாக்கூட ரெண்டு தரம் கேட்டுக்கோங்க," என்றார்.

மயக்க மருந்து கொடுத்து வடிவை மல்லாத்தினார்கள். மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். ரோஷன் பேகம் வெள்ளைத் துணிக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். மேலே கத்தரி சத்தமும் காலடிகளும் கேட்டன. ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு உலகம் முழுவதும் இரண்டு விரல் நுனியில் இருந்தது.

திடீரென்று அந்த விரல் நுனியிலிருந்து பாரம் மேலே போய்விட்டது.

யாரும் சொல்லுமுன் அவளுக்குத் தெரிந்துவிட்டது, மேலிருந்து இன்னொரு கை வந்து தலையை வாங்கிக்கொண்டதென்று. அவள் கையை வெளியே எடுத்தாள். விரல்கள் நிமிரவில்லை. மேலே சத்தமில்லை. முதுகில் தட்டும் ஓசை. இன்னும் சத்தமில்லை. பிறகு, யாரையோ கண்டபடி திட்டுவது போல ஓர் அழுகை.

அவள் துணிக்கு அடியிலேயே சிரித்தாள், அழுதாள், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "தாய்க்கு ஒண்ணுமில்லை, தைச்சுக்கிட்டு இருக்கேன். போய்க் கையை உதறிட்டு வாங்க," என்றார் டாக்டரம்மா.

வாசலில் பஸ் நின்றது. அடுப்பு அணைந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. ஒருவர்கூட போகவில்லை. ஜம்புலிங்கம் நிற்கிற பஸ்ஸின் படியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"அழுதுச்சு!" என்றாள் ரோஷன் பேகம். "நல்லா அழுதுச்சு! வடிவும் நல்லா கீது!"

வேம்புலியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். தங்கவேல் இல்லாத புருவத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். கோழி ஒன்று எங்கிருந்தோ கொக்கரித்தது. சத்தம் அடங்கியதும் நாகேந்திரன் கேட்டான்: "இன்னா கொயந்த நர்சம்மா? ஆம்பளையா, பொம்பளையா?"

ரோஷன் பேகம் வாயைத் திறந்தாள். அந்தத் தலையின் உருண்டையும் உச்சிக்குழியும் கொடியின் ஒவ்வொரு துடிப்பும் அவள் விரலுக்குத் தெரியும். துணிக்கு அடியிலிருந்து எழுந்து நேரே ஓடி வந்திருந்தாள்.

"யா அல்லா, நான் பாக்கவே இல்லையே!" என்று திரும்பி உள்ளே ஓடினாள்.