பிடித்த அறைக்கு ஒரு பேரம்

மாடசாமிக்கு அந்த அறை பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. அதனால்தான் முகத்தைச் சுளித்தார். தென்காசியில் காலமெல்லாம் பாத்திரக்கடை நடத்தியவர், பிடித்த சரக்கைப் பிடித்ததாகக் காட்டிக்கொள்வாரா?

புனேயில், ஹிஞ்சேவாடியில் மகன் சூர்யாவின் அடுக்குமாடி வீட்டில் பகல் முழுக்க அவரோடு பேசியது லிப்ட் மட்டும்தான். இந்த முதியோர் இல்லத்திலோ, வராந்தாவில் சிலர் தமிழில் சண்டை போட்டபடி கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எப்படியாவது இங்கே சேர்ந்துவிட வேண்டும்.

மேனேஜர் வைஷாலி புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "மூணு வேளை சாப்பாடு, துணி தோய்க்கிறது, வேளைக்கு மாத்திரை, வாராவாரம் டாக்டர். குளிக்க ஒத்தாசைக்கு ஆள். ராத்திரி மணி அடிச்சா நர்ஸ் வருவாங்க," என்று ஒப்பித்தாள்.

"குளிக்கதுக்கு எனக்கு ஆள் எதுக்குத் தாயி? அதைக் கழிச்சுட்டு சாயங்காலம் ரெண்டு வடை போடு."

"மாத்திக் குடுக்கற பழக்கம் இல்ல அங்கிள்."

"சரி, நான் மணியே அடிக்கல. நர்ஸ் மிச்சந்தான? அதுக்கு ஒரு காப்பி."

"அப்பா, இது கடை இல்லப்பா," என்று சூர்யா நெளிந்தான்.

"ஒரு ரூம்தான் காலி. இப்ப வேற பார்ட்டி பாக்க வராங்க," என்றாள் வைஷாலி.

மாடசாமிக்குச் சிரிப்பு வந்தது. இந்த 'வேற பார்ட்டி'யை அவரே எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறார். "அப்ப நாங்க வாறோம்," என்று எழுந்து வாசலுக்கு நடந்தார். கூப்பிடத் தோதாக, மெதுவாக.

தென்காசியாக இருந்தால் அதற்குள் 'அண்ணாச்சி, நில்லுங்க' என்று குரல் வந்திருக்கும். புனேக்காரர்கள் எழுந்து போகிறவரைக் கூப்பிடுவதில்லை. நிம்மதியாகக் கடையைச் சாத்திவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போவார்கள். இது அவருக்குத் தெரியாது. செருப்பை மாட்டினார். கழற்றி, மண்ணைத் தட்டி, மறுபடி மாட்டினார். குரல் வரவில்லை. கார்தான் வந்தது. அதிலிருந்து ஒரு பெரியவர், தலையணையைக் கையிலேயே பிடித்தபடி இறங்கினார்.

போனதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் மாடசாமி திரும்பினார்.

"எங்க கையெழுத்துப் போடணும் தாயி?"

வைஷாலி ஆச்சரியமே படாமல் பேனாவை நீட்டினாள். போட்டு முடித்ததும் அவருக்கு மனசு ஆறவில்லை. "ஒரு கொசுறாவது குடு."

"கொசுறுன்னா?"

"வாங்குனதுக்கு மேல, சும்மா குடுக்கது."

அவள் யோசித்தாள். "ரூம்ல ஒரு பழைய சேர் கிடக்கு. எடுக்காம விட்டுடறேன்."

"கை வச்ச சேரா?"

"கை வச்சதுதான்."

மாடசாமி மகனைப் பார்த்தார். 'பாத்தியாலே, எப்படி முடிச்சேன்னு' என்றது அந்தப் பார்வை.