தூங்காத வண்டி

உழவர்கரையில் என் பேட்டரிக் கடை தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. ஆட்டோவிலிருந்து லாரி வரைக்கும் எல்லாம் வரும். என்னால் முடியாது என்று சொல்லி ஒரு வண்டியையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான். பொம்பளை என்ன பேட்டரி பார்ப்பாள் என்று முதல் இரண்டு வருடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் இன்றைக்கு "மாலாக்கா, மாலாக்கா" என்று காத்துக்கிடக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அந்தத் திமிரில்தான் சாமிக்கண்ணு அண்ணன் பேரைக் கெடுத்தேன்.

அவர் ஓட்டியது ஒரு கறுப்பு ஜெர்மன் கார். வைசியாள் வீதியில் இரும்புக் கடை வைத்திருந்த நாராயணசாமி, அறுபது வயதில் ஆசைப்பட்டு வாங்கியது. அந்தத் தெருவில் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது. அதனால் வீட்டின் முன்னறையை இடித்து, தெருப்பக்கம் ஷட்டர் போட்டு, காரை வீட்டுக்குள்ளேயே ஏற்றிவிட்டார், கூடத்துக்குப் பக்கத்தில் மாட்டைக் கட்டின மாதிரி. மனுஷன் ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரே ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் சாமிக்கண்ணு.

சாமிக்கண்ணு அதற்கு நேர்மாறு. ஐந்தடிக்கு ஒரு விரல்கடை கூட இருந்தால் அதிகம். முன்னே மில்லில் இருந்தவர், மில் மூடின பிறகு நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்த வீட்டில் பதினொரு வருடம். சாயந்திரம் வண்டியைத் துடைத்து, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் உப்பளத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் எட்டு மணிக்கு வந்துவிடுவார்.

போன ஜனவரியில் நாராயணசாமி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிப்ரவரியில் காரின் பேட்டரி செத்தது. எப்போதும் என்னிடம்தான் வருவார்கள், புதுசு போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் செத்தது. வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பி, வண்டியைக் கடைக்கு ஓட்டிவரச் சொல்லி, இரண்டு நாள் என்னிடமே வைத்துக்கொண்டேன்.

இந்த மாதிரி கார்கள் பூட்டின பிறகும் அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக அணைந்து தூங்கிப்போகும். தூங்கிவிட்டால் மீட்டரில் கரண்ட் எடுப்பதே தெரியாது. என் கடையில் அது சமர்த்தாகத் தூங்கியது. பேட்டரியும் நன்றாக இருந்தது, டைனமோவும் நன்றாக இருந்தது. நாராயணசாமியின் மகன் கோபிநாத் பிரான்சில் லியோனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான்.

"அப்ப என்னதாங்க காரணம்?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை என் வாயில் வராது.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல சார். யாராவது உள்ள ஒக்காந்து ஏசி போட்டுக்கினு பாட்டு கேட்டா இப்பிடித்தான் படுத்துக்கும்."

சாமிக்கண்ணு அப்போது என் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மீதி டீயைக் குடிக்காமல் கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். நான் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

மே மாதம் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை பேட்டரி மறுபடி செத்தது. ஒவ்வொரு தடவையும் கோபிநாத் அதே கணக்கைத்தான் போட்டான். அப்பா இருந்தவரைக்கும் வண்டி ஒருநாள்கூடப் படுக்கவில்லை. கேட்க ஆளில்லை என்றதும் படுக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது? டிரைவரிடம். வேறு என்ன வேண்டும்? நாராயணசாமியின் மனைவி செந்தமிழ்ச்செல்வி, காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கோ டாக்டரிடமோ போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவாராம். முன்பெல்லாம் போகிற வழியெல்லாம் பேசுவார்.

ஆகஸ்டில் அந்தம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அன்றைக்குக் காலையில் பார்த்து வண்டி செத்துக்கிடந்தது, ஆட்டோவில் போனார்கள். முதல் தேதியிலிருந்து வேறு டிரைவர் என்று கோபிநாத் சொல்லிவிட்டான். அதற்கு நாலு நாள் இருக்கும்போது சாமிக்கண்ணு சைக்கிளை என் கடை வாசலில் நிறுத்தினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏம்மா மாலா, நீ சொன்ன ஒரு வார்த்த இன்னிக்கி என் பேர்ல நிக்குது. வேல போனா போவட்டும். வண்டியில படுத்துக்கெடந்தவன்னு பேரோட போவ மாட்டேன். நான் அந்த வண்டியில ஒருநாளும் சும்மா ஒக்காந்ததில்ல. நீ சொன்ன இல்ல, நீயே வந்து பாரு."

எனக்குச் சுருக்கென்றது. மீட்டரை எடுத்துக்கொண்டு, கடையை உதவிக்கு இருக்கும் பையனிடம்கூட ஒப்படைக்காமல் ஷட்டரை இறக்கிவிட்டு, அவர் கூடவே வைசியாள் வீதிக்குப் போனேன்.

பானட்டைத் திறந்து மீட்டரை மாட்டினேன். கதவுகளைப் பூட்டினேன். இந்தக் கார்களுக்குச் சாவி பக்கத்தில் இருந்தாலே போதும், மோப்பம் பிடித்து விழித்துக்கொள்ளும். அதனால் சாமிக்கண்ணுவிடம், "அண்ணே, சாவிய எடுத்துக்கினு தெருமுனை டீக்கடையில போயி ஒக்காருங்க, நான் கூப்பிடுறேன்" என்றேன். போனார். நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி ஆனது, எண் இறங்கவில்லை. முக்கால் மணி ஆனது. கொஞ்சம் இறங்கி, மறுபடி விசுக்கென்று ஏறியது. என் கடையில் தூங்கிய வண்டி இங்கே தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து கதவுப் பிடியில் ஒரு அடி அடித்தேன்.

பூட்டு திறந்துகொண்டது. மடங்கியிருந்த கண்ணாடிகள் இரண்டும் விரிந்தன. நான் கதவை இழுத்ததும் டிரைவர் சீட் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, கடைசிவரை போய் நின்றது.

சாவி தெருமுனையில் இருக்கிறது. வண்டி எனக்குக் கதவைத் திறக்கிறது.

கூடத்து வாசலில் செந்தமிழ்ச்செல்வி அம்மா நின்றுகொண்டிருந்தார், ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு. "அது அவரோட அளவு" என்றார்.

சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டேன். வந்தவர் சீட்டைப் பார்த்தார், ஆச்சரியமே படவில்லை.

"பிப்ரவரிலேர்ந்தே இப்பிடித்தான் போவுது" என்றார் தணிந்த குரலில். "ஏறும்போதெல்லாம் சீட்டு பின்னால போயிருக்கும். நான் முன்னால இழுத்துக்குவேன்."

"இத ஏண்ணே இத்தினி நாளா சொல்லல?"

"என்னான்னு சொல்றது? அய்யா வந்து ஒக்காந்துட்டுப் போறாருன்னு அம்மாகிட்ட சொல்ல முடியுமா? அழுவாங்க இல்ல?"

எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை, அந்தம்மா அழுவார்களே என்று ஏழு மாதம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வண்டிக்கு இரண்டு சாவி. எந்தச் சாவி பக்கத்தில் வருகிறதோ, அந்தச் சாவிக்காரர் அளவுக்குச் சீட் தானாக நகரும். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அதைச் சாவியோடு சேர்த்து யோசிக்கவில்லை, செத்தவரோடு சேர்த்து யோசித்திருக்கிறார்.

"அம்மா, அய்யாவோட சாவி எங்க?"

அவர் கூடத்துக்குள் கையைக் காட்டினார். சுவரில் நாராயணசாமியின் படம், சந்தனப் பொட்டோடு. அதன் கீழே ஒரு பலகை. பலகையில் அவருடைய மூக்குக்கண்ணாடி, வாட்ச், பேனா, ஒரு முழம் மல்லி, கார் சாவி. தினம் அவர் கைபட்ட சாமான் என்று பதினாறாம் நாள் காரியத்தன்று எடுத்து வைத்ததாம். உயிரோடு இருந்தவரைக்கும் அந்தச் சாவி மாடியில் அவர் சட்டைப் பையில் கிடக்கும். இப்போது படம் மாட்டியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் கார், நடுவில் ஒரு செங்கல் கனம்.

அந்தம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "அய்யா பக்கத்துல வந்து நிக்கிறாரு, இப்ப ஏறப்போறாருன்னு நெனச்சிக்கினு வண்டி ராவும் பகலும் முழிச்சிக்கினு கெடக்குதும்மா. அதான் பேட்டரி தாங்கல."

அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். கோபிநாத்தை நான்தான் கூப்பிட்டேன், போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு விவரம் சொன்னேன்.

"ஓ! அப்ப சாவிய வேற ரூம்ல வச்சா முடிஞ்சுது. இவ்ளோ சிம்பிளா?" என்று சிரித்தான்.

"சார், அன்னிக்கி நான் சொன்னது தப்பு. அண்ணன்மேல ஒண்ணும் இல்ல."

"அதான் தெரிஞ்சிடுச்சே. அவரே கண்டினியூ பண்ணட்டும். சரி, எனக்கு மீட்டிங் இருக்கு."

சாமிக்கண்ணு போனையே பார்த்துக்கொண்டு நின்றார். திரை அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அந்தம்மாவைப் பார்த்தார். அந்தம்மா எழுந்து, பலகையிலிருந்த சாவியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து மாடிக்கு ஏறிப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவருடைய புருஷனை அந்தப் பலகையிலிருந்து எடுக்க வைத்ததே நான்தான்.

சாமிக்கண்ணு தன் சாவியை என் கையில் வைத்தார்.

"இத பீரோவுல வைக்கச் சொல்லு. இங்க எங்கயும் வைக்கக்கூடாது, மறுபடியும் படுத்துக்கும்."

"வேலதான் இருக்குன்னு சொல்லிட்டாங்களே அண்ணே."

"சொன்னாங்க. ஆறு மாசமா இந்த வூட்ல ஒருத்தரும் என் மூஞ்சியப் பாத்துப் பேசல மாலா. பதினோரு வருஷம் ஓட்டிருக்கேன். இனிமே முன்னால இருக்கிற கண்ணாடியில அம்மா மொகத்தப் பாத்து ஓட்ட என்னால முடியாது. பேரு சுத்தமாயிடுச்சு, போதும்." ஷட்டர் வரைக்கும் போனவர் திரும்பினார். "நீ வந்து பாத்த இல்ல, நீ நல்லா இருப்ப."

திட்டியிருந்தால் தேவலாம்.

அம்மா இறங்கி வந்தபோது அவர் இல்லை. "சாமிக்கண்ணு எங்க? வெள்ளிக்கிழமை கண் டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லணும்" என்றார். நான் சாவியை நீட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அன்றைக்கே போன் செய்தாராம், மறுநாளும் செய்தாராம். சாமிக்கண்ணு எடுத்து, மரியாதையாகப் பேசி, கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்து, வரமுடியாது என்று சொல்லியிருக்கிறார். இப்போது உப்பளத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

தீபாவளி கழிந்து ஒருநாள் அந்தக் கறுப்புக் கார் என் கடைக்கு வந்தது. புது டிரைவர் பேர் வினோத்குமார். நாற்பது வயது இருக்கும், நல்ல உயரம், தன்மையாகப் பேசினான்.

"பேட்டரி எப்பிடி இருக்கு?" என்றேன்.

"பேட்டரி பிரச்சினையே இல்லக்கா. சீட்டுதான் ரோதனையா இருக்கு. எப்ப தொறந்தாலும் முன்னால வந்து ஸ்டியரிங்ல ஒட்டிக்கினு நிக்குது, முட்டி இடிக்குது. தெனம் பின்னால தள்ளுறேன், தெனம் அதே எடத்துக்கு வந்துடுது. அம்மாகிட்ட கேட்டேன், அது அப்பிடியே இருக்கட்டும்னுட்டாங்க. நீங்களாச்சும் மாத்திக் குடுங்கக்கா."

அவன் கையில் இருந்தது சாமிக்கண்ணுவின் சாவி. கதவுப் பக்கம் இருக்கும் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து, புது அளவைப் பதிய வைத்தால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை.

"அது என்னால முடியாதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.