பதினோரடிக்கு ஒன்பதடி

ஐப்பசி வெயில் மேகங்களுக்கு நடுவே சற்று நேரம் இறங்கி வருகிறது. கூரை பிரித்த இடத்தின் வழியாக, கதவில்லாத வீட்டுக்குள், செங்கல் தூசியின்மேல் வந்து அமர்கிறது. பிறகு எழுந்து போய்விடுகிறது.

பாதி இடித்த வீடு. பாதி எழும்பிய வீடு. நடுவில் உம்மு ஹானி நிற்கிறாள். கையில் அளவு நாடா.

அளக்கிறாள். வரைகிறாள். அழிக்கிறாள். மறுபடியும் அளக்கிறாள்.

நாற்பத்தேழு வயது அவளுக்கு. அந்தக் கடலோர ஊரில் எவர் வீடு கட்டினாலும் உள்ளலங்காரத்துக்கு அவளைத்தான் அழைப்பார்கள். எந்தச் சுவருக்கு எந்த வண்ணம், எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்று அவள் சொன்னால் மறுபேச்சு இராது.

அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. மணமானபின் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வார். ஆகவே அங்கே முதலில் வீட்டைக் கேட்பார்கள். பெண்ணைப் பிறகு கேட்பார்கள்.

அவளுக்கு மணம் பேசிய காலத்தில் வாப்பாவால் ஓர் அறைக்குமேல் கட்ட முடியவில்லை. தங்கை ஜுனைதாவுக்கு நல்ல இடம் தகைந்தது. அறை தங்கைக்குப் போயிற்று; மூத்தவளின் மணப்பேச்சு அத்தோடு நின்றது. "லாத்தா பொறுத்துக்கொள்வாள்" என்றார்கள். மூத்தவளை அங்கே லாத்தா என்பார்கள்.

லாத்தா பொறுத்துக்கொண்டாள். இருபத்துமூன்று மழைக்காலங்கள் பொறுத்துக்கொண்டாள். இரவில் கூடத்தில் பாய் விரித்தாள். விடியலில் சுருட்டினாள்.

இப்போது ஜுனைதாவின் மகள் நஸீஹாவுக்கு ரஜப் மாதத்தில் நிக்காஹ். சகோதரிகள் இருவர் பெயரிலும் சரிபாதியாக உள்ள அந்தப் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். வேலை முடியும்வரை குடும்பம் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறது. வரைபடம் உம்மு ஹானியுடையது. ஒவ்வொரு கோடும் அவளுடையது.

எவ்வளவு பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். வருகிற மாப்பிள்ளைக்குக் கூச்சம் தெரியாதிருக்க, அவர் அறைக்கு வெளியிலிருந்தே தனி மாடிப்படி. தொழுகைத் திசையான மேற்கே கால் நீளாதபடி ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாடு. தங்கைக்கு முழங்கால் வலி. அவள் தொழுகைக்குமுன் உட்கார்ந்தே கைகால் கழுவி ஒளூச் செய்ய, குழாயின் உயரம் பதினாறு அங்குலம்.

பெண்கள் வந்துபோகப் பக்கத்துச் சந்தில் ஒரு வாசல். ஆண்கள் அமர முன்கூடம். மனித உருவமோ பறவையோ இல்லாத, நட்சத்திரமும் கொடியும் பின்னிய மரச்சாளரம். அதன் நிழல் காலையில் தரையில் பூக்கும்.

மழை தொடங்கிய ஒரு முற்பகலில் மின்வேலை செய்யும் இசக்கிராஜ் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வந்தார்.

"அக்கா, மாப்ள ரூமுக்கு எட்டு பாயிண்ட். ஒங்க தங்கச்சி ரூமுக்கு ஆறு. சமயக்கட்டுக்குப் பத்து. ஒங்க ரூமுக்கு எத்தனன்னு சொல்லவே இல்லியே?"

அவள் வரைபடத்தை விரித்தாள்.

"எந்த ரூமுன்னு மட்டும் காட்டுங்க, சுவத்தக் கொத்திருதேன். பூசுன பொறவு கேட்டீங்கன்னா, உளியை ஒங்க கையில குடுத்துருவேன் பாத்துக்கிடுங்க."

அவள் விரல் மாப்பிள்ளையின் அறைமேல் நின்றது. நகர்ந்தது. தங்கையின் அறை. நகர்ந்தது. விருந்தினர் அறை. துணி காயப்போடும் இடம். அரிசி மூட்டைக்கு ஓர் இடம். விரல் தாளின் விளிம்புக்கு வந்து வெளியே விழுந்தது.

அவளுக்கு அறை இல்லை. எவரும் பறிக்கவில்லை. அவள் வரையவேயில்லை.

இதைக் கவனக்குறைவு என்று சொல்வது பொய். நான்கு மாதங்களாக அந்த வரைபடம் நான்கு பேர் கைகளில் இருந்தது. குழாயின் உயரத்தில் ஓர் அங்குலம் குறைந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மனுஷி குறைந்ததை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவளும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் கொடுமை.

மழை வலுத்தது. இசக்கிராஜ் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மாலையில் வாடகை வீட்டில், மகளின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்த ஜுனைதாவிடம் வரைபடத்தை நீட்டினாள்.

"இதுல நான் எங்கே இரிக்கேன், ஜுனைதா?"

தங்கை பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அன்பாகத்தான் சிரித்தாள்.

"இதுக்கா மொகத்த இப்படி வச்சிருக்கிய? நீங்க எங்க வேணும்னாலும் படுத்துக்கலாமே, லாத்தா. வீடே உங்களுதுதானே."

எங்கே வேண்டுமானாலும். அந்தச் சொல்லில் கனிவு இருந்தது. கட்டில் போட இடம் இல்லை.

உம்மு ஹானி பென்சிலை எடுத்தாள். முன்கூடத்தின் மேற்கு மூலையில் ஒரு கோடு போட்டாள். குறுக்கே இன்னொரு கோடு. பதினோரடிக்கு ஒன்பதடி. ஒரு கதவு. ஒரு ஜன்னல்.

ஜுனைதாவின் கையில் புடவை நின்றது. "முன்கூடம் சிறுத்துப்போவுமே. மாப்பிள்ளை வீட்டாளுவ எங்கே உக்காந்து சாப்பிடுவாஹ?"

"ரெண்டு சஹன் குறையும். அவ்வளவுதான்." சஹன் என்பது விருந்தில் சேர்ந்துண்ணும் பெருந்தட்டு.

"ஆளுவ என்ன சொல்வாஹ, லாத்தா? கலியாண வீட்டுல கூடத்தக் குறுக்கிட்டாஹன்னு பேசமாட்டாஹளா?"

"பேசட்டும். ரெண்டாம் பந்தியில உக்காந்து பேசட்டும்."

ஜுனைதா புடவையைக் கீழே வைத்துவிட்டு, புதுக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள். வெளியே ஓட்டிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "உங்களுக்கு இப்படி ஒண்ணு வேணும்னு எனக்குத் தோணவே இல்லியே" என்றாள் கடைசியில்.

"எனக்கும்தான்" என்றாள் உம்மு ஹானி.

சுவர் எழுந்தது. செங்கல்மேல் செங்கல். ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. கார்த்திகை மழையில் பூச்சு காய மறுத்தது. பிறகு காய்ந்தது.

விருந்தினர் அறைக்கு இளநீலம். தங்கையின் அறைக்குச் சந்தனம். மாப்பிள்ளையும் நஸீஹாவும் இருக்கப்போகும் மணவறைக்கு, அவள் கண்ணுக்குப் பொருத்தமாக, மாதுளம்பூவின் வெளிறிய சிவப்பு. எல்லாவற்றையும் உம்மு ஹானி நொடியில் சொன்னாள்.

வண்ணம் பூசுகிறவர் கடைசி அறையின் வாசலில் வாளியோடு நின்றார். "இதுக்கு என்ன கலரும்மா?"

அவள் வெறுஞ்சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

ஊரில் இருக்கும் நூறு வீட்டுப் பெண்களுக்கு எந்த வண்ணம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். உம்மு ஹானி என்ற இவள் ஒருத்திக்கு எது பிடிக்கும் என்று தெரியாது. இவளிடம் அவள் கேட்டதே இல்லை.

"வெள்ளை அடிச்ச மட்டுல இருக்கட்டும்" என்றாள். "பிறகு சொல்றேன்."

நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்னால், வழக்கப்படி, பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். சந்து வாசல் வழியாக, சிரிப்பும் அத்தருமாக. மணவறையில் மூச்சைப் பிடித்து நின்றார்கள். திரையைத் தொட்டார்கள். "உம்மு ஹானி கைபட்டா குடிசையும் அரண்மனைதான்" என்றார்கள்.

பிறகு வெள்ளை அறையின் கதவைத் திறந்தார்கள். ஒரு கட்டில். ஒரு தொழுகை விரிப்பு. வேறொன்றுமில்லை.

"இது யாரு ரூம் லாத்தா? இன்னும் முடியலையோ?"

"என் ரூம்."

அந்தச் சொற்களைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சற்று உரத்துச் சொல்லிவிட்டாள். பெண்கள் தலையசைத்தார்கள். பார்ப்பதற்கு அங்கே ஏதுமில்லை. அடுத்த அறைக்குப் போனார்கள். சிரிப்பு அவர்களோடு போயிற்று.

அவள் போகவில்லை. கதவைச் சாத்தினாள். உள்ளே நின்றாள். தன் மூச்சு தனக்குக் கேட்கும் அளவுக்கு அமைதி. யாரும் தேடவில்லை. யாரும் அழைக்கவில்லை.

மாலைத் தொழுகையான அஸர் நேரம். மழை ஓய்ந்திருந்தது. மேற்கு ஜன்னலின் வழியாக வெயில் இறங்கி வந்தது. வெறுந்தரையின்மேல் அமர்ந்தது. சுவர் மஞ்சளாயிற்று. பிறகு செம்மையாயிற்று. பிறகு பெயர் தெரியாத ஒரு வண்ணமாயிற்று.

அது பிடித்திருந்தது அவளுக்கு. என்ன வண்ணம் என்று தெரியவில்லை. பிடித்திருந்தது.