பேசி வைக்காத ஒற்றுமை

கம்பளக்காரரும் அவருடைய மச்சானும் ஜென்மப் பகையாளிகள் என்றுதான் கடைத்தெரு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. தெருவின் இந்த முனையில் இவர் கடை, அந்த முனையில் அவர் கடை. இரண்டிலும் கம்பளமும் திரைச்சீலையும்தான் சரக்கு. "அந்தாள்கிட்டயா கேட்டீங்க? அது கம்பளம் இல்லீங்க, சாக்கு" என்பார் இவர். "அவன் சொல்ற விலைக்கு நான் என் வீட்டையே வித்துட்டுப் போயிடுவேன்" என்பார் அவர். வாங்க வந்தவர் இரண்டு முனைக்கும் நடையாய் நடந்து, குறைத்துச் சொன்னவரிடம் வாங்கிக்கொண்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். அந்தக் குறைந்த விலையைக் காலையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்திருப்பார்கள் என்பது பாவம், அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

ஆகவே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டால் உலகத்தில் எதையும் சாதிக்கலாம் என்பது கம்பளக்காரரின் மதம். அந்த மதத்திலேயே மகள் கை வைத்தாள்.

அவள் ஒரே பிள்ளை. குவாண்டம் இயற்பியல் படித்தவள். விமானம் ஏறிப் போகிற தூரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் அவளை வேலைக்கு அழைத்திருந்தது. அப்பாவுக்கோ அவளைக் கல்லாவில் உட்கார வைக்க ஆசை.

"அங்க போயி என்னதான்மா பண்ணப் போற?"

"ரெண்டு ஒளித்துகளை ஒரே இடத்துல உண்டாக்கி, ஆளுக்கொரு திசையில அனுப்புவோம்பா. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க முடியாத தூரத்துல இருக்கும்போது, ஒரே நேரத்துல ரெண்டுகிட்டயும் கேள்வி கேப்போம். பதில் ஒத்துப்போகும்."

"இதுக்கு எதுக்குடி ஆய்வுக்கூடம்? நானும் உன் மாமாவும் தினமும் பண்றதுதானே? கிளம்பும்போதே பேசி வெச்சிருக்கும்."

"அதான் இல்ல. பேசி வெச்சிருந்தா இவ்வளவு ஒத்துப்போகவே முடியாது. அதுக்கு ஒரு தேற்றம் இருக்கு."

"முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு தேற்றமா? அதுக்கு உங்கம்மா போதுமே!"

சமையலறையிலிருந்து ஒரு கரண்டி மட்டும் பதில் சொன்னது.

மகள் விளையாட்டைச் சொன்னாள். அப்பா ஒரு கடையில், மாமா ஒரு கடையில். ஒரே நொடியில் ஆளுக்கொரு கேள்வி: "கம்பளம் இருக்கா?" அல்லது "திரை இருக்கா?" எந்தக் கேள்வி என்பதை அங்கங்கே கேட்கிறவர் காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்வார். பதில் 'இருக்கு' அல்லது 'இல்லை', அவ்வளவுதான். இரண்டு பேர் பதிலும் ஒன்றாக இருந்தால் வெற்றி. ஆனால் இரண்டு பேரிடமும் திரையைக் கேட்டுவிட்டால் மட்டும் பதில் மாறி இருக்க வேண்டும்.

"எப்படிப் பேசி வெச்சாலும் நூத்துக்கு எழுபத்தஞ்சுதான் ஜெயிப்பீங்க. அதிர்ஷ்டத்துக்கு அஞ்சு போட்டுத் தரேன். எண்பதைத் தொட்டுட்டா நான் கடையிலயே உக்காந்துடறேன். தொடலன்னா, வாயைத் திறக்காம என்னை அனுப்பணும்."

"உன் துகள் எவ்வளவு எடுக்கும்?"

"எண்பத்தஞ்சு. அதுக்கு மேல அதுவும் போகாது."

"போயும் போயும் ஒரு துகள். சரி, கை குடு."

அன்று மத்தியானமே மச்சானும் அவரும் கல்லாவில் திரை வளையங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பித்தளை வளையம் 'இருக்கு', கறுப்பு வளையம் 'இல்லை'.

"எல்லாத்துக்கும் 'இருக்கு'ன்னே சொல்லிடுவோம் மாப்பிள்ளை."

"சொன்னா ரெண்டு திரை வரும்போது மாட்டிக்குவோம். நாலுல ஒண்ணு போச்சு."

"அப்போ நான் திரைக்கு மட்டும் 'இல்லை'ங்கறேன்."

"என்கிட்டக் கம்பளம் கேட்டு உன்கிட்டத் திரை கேட்டா? நான் 'இருக்கு', நீ 'இல்லை'. அங்க போச்சு."

வளையங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். என் கம்பளம் உன் கம்பளத்தோடு ஒத்துப்போக வேண்டும், உன் திரையோடும் ஒத்துப்போக வேண்டும். உன் கம்பளம் என் திரையோடு ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் ஒத்துப்போனால் என் திரையும் உன் திரையும் தானாகவே ஒத்துப்போய்விடுகின்றன. அவை மட்டும் சண்டை போட வேண்டும் என்றால் எப்படிப் போடும்? போர்வையை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் கால் வெளியே வந்தது.

"பொண்ணு சரியாத்தான் சொல்றா மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

"அந்தத் துகள் திருட்டுத்தனமா பேசிக்குதுய்யா."

"பொண்ணுகிட்டக் கேட்டேன். அதை வெச்சு ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்ப முடியாதாம். தனியாப் பாத்தா ஒவ்வொண்ணும் வாய்க்கு வந்ததை உளறுதாம். சேத்துப் பாத்தாத்தான் ஒத்துமை தெரியுதாம்."

"இதென்ன, குடும்பம் நடத்துதா?"

சரக்கும் அசையவில்லை, விலையும் அசையவில்லை என்றால் யாரை அசைப்பது என்று கம்பளக்காரருக்குத் தெரியும். கேட்கிற ஆளை அசைக்க வேண்டும். மச்சான் கடையில் கேட்கப்போவது மச்சானின் மனைவி. அந்த அம்மாள் நியாயத்துக்குப் பிறந்தவள், கிட்டவே போக முடியாது. ஆனால் இவர் கடையில் கேட்கப்போவது இவர் மனைவி.

"காசு எப்படி விழுந்தா என்ன? நீ பாட்டுக்குக் கம்பளம்னு கேளு" என்றார் அவளிடம், குரலைத் தாழ்த்தி. "நாங்க எல்லாத்துக்கும் 'இருக்கு'ன்னே சொல்லிடறோம், இங்க திரை வரலன்னா தோக்கவே வழியில்ல. ஆனா மொத்தமும் கம்பளமா இருந்தா சந்தேகம் வரும். மூணு தடவைக்கு ஒரு தடவை திரைன்னு கேளு. எண்பதை லேசாத் தாண்டும், பாக்க இயற்கையா இருக்கும்."

"எனக்கு என்ன?"

"கடையைப் பூட்டிட்டு ஒரு வாரம் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இவ பொறந்ததுலேர்ந்து போகப்போறோம்" என்று சொல்லி அவள் தலையை ஆட்டினாள்.

விளையாட்டு நாளன்று மகள் இரண்டு பேரின் போனையும் பிடுங்கிக்கொண்டு, தெரு நடுவில் குடை பிடித்து நின்றாள். ஒருவரை ஒருவர் பார்க்கவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. கடிகாரத்தில் நிமிஷ முள் நகரும்போதெல்லாம் இரண்டு முனையிலும் ஒரு கேள்வி. மனைவி காசைச் சுண்டினாள், குனிந்து பார்த்தாள், கேட்டாள்.

"கம்பளம் இருக்கா?"

"இருக்கு."

"கம்பளம் இருக்கா?"

"இருக்கு."

மூன்றாவதும் கம்பளம். நான்காவதும் கம்பளம். நடிப்பு ஜோர் என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பத்தாவது தடவையும் கம்பளம் வந்தபோது சிரிப்பு நின்றது. கண்ணால் ஜன்னலில் தொங்கிய திரையைக் காட்டினார். அவளும் திரும்பி அதைப் பார்த்தாள், நல்ல திரைதான் என்கிற மாதிரி.

"கம்பளம் இருக்கா?"

இப்படியே போனால் நூற்றுக்கு நூறு வந்து தொலைக்கும். துகளே தாண்டாத இடத்தை இரண்டு கம்பளக் கடைக்காரர்கள் தாண்டினால் எந்த மகள் நம்புவாள்? வழி ஒன்றுதான். நடுநடுவே வேண்டுமென்றே 'இல்லை' என்று சொல்லித் தோற்க வேண்டும். மச்சான் அங்கே 'இருக்கு' என்பார், பதில் ஒத்துப்போகாது, கணக்கு கீழே இறங்கும். உதட்டைக் குவித்துத் தயாராக இருந்தார்.

"கம்பளம் இருக்கா?"

அவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் கம்பளம் அடுக்கியிருந்தது. சரக்கு கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும்போது, கேட்டு வந்தவரிடம் 'இல்லை' என்று அந்த வாய் வாழ்நாளில் சொன்னதில்லை. கைவசம் இல்லாதபோதுகூட 'நாளைக்கு வந்துடும்' என்றுதான் சொல்லும்.

"இ..." என்று ஆரம்பித்தார். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. "இருக்கு. எத்தனை வேணும்?"

கடைசி வரைக்கும் அப்படியே.

கேள்வியும் பதிலும் குறித்து வைத்த இரண்டு கடைத் தாள்களையும் மகள் அருகருகே வைத்துப் பார்த்தாள். மச்சான் ஓடி வந்து எட்டிப் பார்த்து, "நூறும் நம்மது மாப்பிள்ளை!" என்று குதித்தார். கம்பளக்காரர் குதிக்கவில்லை.

"இயற்கையே எண்பத்தஞ்சோட நின்னுடுது. நீங்க நூறா?" என்றாள் மகள். "ஏம்மா, நூறு தடவையும் காசு ஒரே பக்கமா விழுந்துச்சு?"

"மாறி மாறித்தான் விழுந்துச்சு. நான்தான் ஒரே பக்கமா கேட்டேன்."

"மூணுக்கு ஒண்ணு திரைன்னுதானேடி சொன்னேன்!" என்று கத்திவிட்டு, கம்பளக்காரர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அதற்குள் வார்த்தை தெருவுக்கே போய்விட்டது.

மகள் குடையின் மேல் சாய்ந்து சிரித்தாள். "இந்த ஓட்டைக்கும் எங்ககிட்டப் பேர் இருக்குப்பா. கேக்கிற ஆளையே முன்னாடி சரிக்கட்டிட்டா எந்தத் தேற்றமும் நிக்காது. அதனாலதான் பல நூறு வருஷத்துக்கு முன்னாடி கிளம்பின நட்சத்திர வெளிச்சத்தைப் பாத்துக் கேள்வியைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. அதை யாரு போயி சரிக்கட்டறது?"

"அதுக்கும் முன்னாடியே ஒருத்தன் போயி அந்த நட்சத்திரத்துக்கிட்டப் பேசியிருந்தா?"

மகள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்படி ஒருத்தன் இல்லைன்னு எங்களால நிரூபிக்க முடியாது."

"பாத்தியா!" என்றார் மச்சானிடம். கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லு. உனக்கு இவ என்ன தரேன்னு சொன்னா?"

"ஒண்ணும் தரேங்கல. நீங்க என்கிட்டப் பேசினதே அவளுக்குத் தெரியாது."

"பின்ன ஏன்?"

"அவ போகட்டும்னு தோணுச்சு."

எதையும் வாங்காமல், யாரும் சொல்லாமல், தானாகவே ஒருவருக்கு ஒன்று தோன்றும் என்பது கம்பளக்காரரின் வியாபாரத்தில் வராத சங்கதி.

"எப்போ கிளம்பணும்?" என்று மகளைக் கேட்டார்.

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி."

மச்சானுக்கு அவரைத் தெரியும். இரண்டு மாசம் தள்ளிக் கேட்பார், ஒரு மாசத்துக்கு இறங்குவார், இருபது நாளில் முடியும். நடுவில் புகுந்து பேச மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி" என்றார் கம்பளக்காரர்.

மனைவி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.