கடைசிக் கறவை

கிருசாந்திக்குத் திங்கட்கிழமை மாலை ஆறு மணி என்றால் ஸ்டெர்கியோஸ்தான். ஆறு வருடமாக அப்படி. உலகின் தென்கோடியில், மனுரேவா என்ற ஊரில் அவள் வேலை செய்யும் இறக்குமதி நிறுவனத்துக்குக் கிரேக்க நாட்டிலிருந்து ஃபெட்டா என்ற செம்மறிப் பால் சீஸ் அனுப்புபவர் அவர். லாரிசாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சீஸ் ஆலைக்கு அவர்தான் பொறுப்பு. சொந்தமாக முந்நூற்று நாற்பது ஆடுகளும் இருந்தன. இங்கே கோடை வெயில் சாய்கிற நேரம் அங்கே குளிர்காலக் காலை ஏழு மணி. இருவருக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை. அதனாலோ என்னவோ, ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே புரிந்தது.

கிரேக்கத்தில் ஆட்டம்மை பரவுகிற செய்தி ஒரு வருடத்துக்கு மேலாக வந்துகொண்டிருந்தது. ஒரு பட்டியில் ஓர் ஆட்டுக்கு வந்தாலும் பட்டி முழுவதையும் அழித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. கிருசாந்தி அதை எண்களாகத்தான் அறிந்திருந்தாள். எத்தனை ஆடுகள் போயின, பால் எவ்வளவு குறையும், விலை எங்கே போய் நிற்கும் என்று மாதா மாதம் அறிக்கை எழுதிக் கொடுப்பது அவள் வேலையில் ஒரு பகுதி. அந்தச் செய்திகளில் வந்த ஊர்கள் எல்லாம் ஸ்டெர்கியோஸின் ஊரிலிருந்து தள்ளியே இருந்தன.

அந்த பெப்ரவரி திங்கட்கிழமை விற்பனைப் பொறுப்பாளர் ரங்கநாதனும் அவளோடு உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர். ஈஸ்டருக்கு முன் இரண்டு கன்டெய்னர் வந்து சேர வேண்டும் என்று சூப்பர்மார்க்கெட்காரர்கள் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தேதி மட்டும் வாங்கிடுங்க கிருசாந்தி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

திரையில் ஸ்டெர்கியோஸின் முகம் மிக அருகில் தெரிந்தது. வழக்கமாக அவருக்குப் பின்னால் ஆலையின் வெள்ளைச் சுவர் இருக்கும். இன்றைக்குத் தகரக் கூரையும் ஆடுகளின் மூச்சு ஆவியும்.

"பட்டியிலா நிக்கிறீங்க? கறக்கிற நேரமா? பிறகு எடுக்கட்டுமா?"

"பிறகு வேண்டாம். பத்து மணிக்கு அவர்கள் வருவார்கள்."

"யார்?"

"அரசாங்கக் கால்நடை வைத்தியர்கள். சனிக்கிழமை இரண்டு ஆட்டுக்கு முகத்தில் கொப்புளம் கண்டேன். நேற்றுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது."

அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அவர் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். வேலிக்கு அப்பால், பனி படர்ந்த நிலத்தில் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று மண்ணை அள்ளி அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தது. குழி ஒரு வீட்டின் நீளம் இருந்தது.

"எல்லாமா?"

"எல்லாம். குட்டிகளும். ஆலைக் குடும்பங்களின் மற்றப் பட்டிகளிலும் கொப்புளம் கண்டிருக்கிறது."

ஃபோனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு அவர் குந்தி உட்கார்ந்தார். ஓர் ஆட்டின் பின்பக்கமும் அவருடைய இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. கை மேலும் கீழும் போனது. பால் எந்தப் பாத்திரத்திலும் விழவில்லை. சிமெண்டுத் தரையில் விழுந்து ஓடையாகி வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிருசாந்தி தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். "அந்தப் பாலை எடுக்க மாட்டார்களே. ஏன் கறக்கிறீங்க?"

"எடுக்க மாட்டார்கள். பால் கறக்கும் இயந்திரத்துக்கு நேற்றே முத்திரை வைத்துவிட்டார்கள். அயலார் யாரும் உள்ளே வரக் கூடாது. நானும் மனைவியும் ராத்திரி முழுக்கக் கையால்தான் கறக்கிறோம்."

"அதுதான், ஏன்?"

"கறக்காவிட்டால் மடி கட்டிவிடும். வலிக்கும்." அவர் அடுத்த ஆட்டை இழுத்தார். "இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறதே. அதுவரைக்கும் எதற்கு வலியோடு நிற்க வேண்டும்?"

ரங்கநாதன் ஒரு தாளில் ஏதோ எழுதி அவள் பக்கம் தள்ளினார். 'கிடங்கு ஸ்டாக்?' என்று இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்க்காதது போல இருந்திருக்கலாம். ஆனால் ஆறு வருடப் பழக்கம், வாய் திறந்துவிட்டது.

"லாரிசா கிடங்கில இருக்கிற சீஸ்... அதுக்குத் தடை ஒன்றும் இல்லையே?"

பால் கறந்த கை நின்றது. பிறகு மறுபடி அசைந்தது.

"இல்லை. அது போன கோடையில் செய்தது, சான்றிதழ் இருக்கிறது. ஜெர்மனியில் ஒருவன் ஒன்றரை மடங்கு விலை தருகிறேன் என்கிறான். பயப்படாதே, அது உனக்குத்தான். வாக்குக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஏற்றிவிடுகிறேன்."

இணைப்பு அறுந்தது.

ரங்கநாதன் நீளமாக மூச்சுவிட்டார். "பாவம்தான் மனுஷன். ஆனா சரக்கு வந்துடும்." பேனாவுக்கு மூடி போட இரண்டு தடவை முயன்றும் அது சரியாகப் போய் உட்காரவில்லை. மூடியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

லின்ஃபீல்ட் வீட்டுக்கு எந்த வழியாகக் கார் ஓட்டி வந்தாள் என்று கிருசாந்திக்கு நினைவில்லை. கணவன் தேவன் சோறு போட்டு வைத்திருந்தான். அவள் கை கழுவிக்கொண்டே நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் வந்து குழாயை மூடினான்.

"என்ன நடந்தது உமக்கு?"

சொன்னாள். கொப்புளம், குழி, தரையில் ஓடின பால் எல்லாம். சொல்லி முடித்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

"நான் கேட்டிட்டனப்பா. அந்த மனுசன் அப்பிடிக் குந்தியிருக்க, என்ர சரக்கு வருமோ எண்டு கேட்டிட்டன்."

"வேலையல்லோ. நீர் கேக்காட்டி ரங்கநாதன் கேட்டிருப்பார்."

"அவர் கேக்கேல்லை. நான்தான் கேட்டனான்."

தேவன் அவளுடைய தட்டை மூடி வைத்தான்.

மறுநாள் காலை, யாரும் வருமுன் அலுவலகம் போய் அவள் ஒரு கடிதம் எழுதினாள். இரண்டு கன்டெய்னருக்குமான ஒப்பந்தத்திலிருந்து ஆலையை விடுவிக்கிறோம், விரும்பியவருக்கு விற்றுக்கொள்ளலாம் என்று நாலே வரி. கொள்வனவு அதிகாரியாக அதில் கையெழுத்துப் போட அவளுக்கு உரிமை இருந்தது. அனுப்பிவிட்டாள். கூடுதலாகக் கிடைப்பதில் அந்தக் குடும்பங்கள் புதுக் குட்டிகள் வாங்கட்டும் என்று மட்டும் நினைத்தாள். புது ஆடு வைக்க இருக்கிற தடை நீங்க எத்தனை மாதம் ஆனாலும், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே மறுபடி ஆடுகள் நிற்பதை மனதில் பார்த்துக்கொண்டாள்.

ரங்கநாதன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கதிரையில் அப்படியே சாய்ந்தார்.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம் எண்டுதானே சொல்லியிருப்பியள்?"

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் என்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க."

எழுத்தில் எச்சரிக்கை வந்தது. கிரேக்கப் பொறுப்பை அவளிடமிருந்து எடுத்து யசீகரன் என்ற புதியவரிடம் கொடுத்தார்கள். அவளுக்கு பிஸ்கட்டும் டின் மீனும் வாங்கும் வேலை கிடைத்தது. ஈஸ்டருக்குக் கடைகளில் ஃபெட்டா இருந்த இடத்தில் பசும்பால் சீஸ் வந்து நின்றது. வாங்குகிறவர்கள் வாங்கிப் போனார்கள்.

மே மாதத்தில் ஒருநாள், சூப்பர்மார்க்கெட் கார் தரிப்பிடத்தில் மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"கிருசாந்தி? ஸ்டெர்கியோஸ்."

அவளுக்குச் சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "எப்படி இருக்கிறீங்க? ஆடு வாங்க விடுறாங்களா?"

"நாலு குடும்பம் வாங்கப்போகிறார்கள். அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள்."

"நீங்க?"

அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ வேறு மொழியில் ஏதோ அறிவித்தார்கள்.

"நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். தங்கை மகன் வேலை எடுத்துத் தந்தான். கார் உதிரிப்பாகம் வைக்கும் கிடங்கு. பெட்டி அடுக்குகிறேன்."

"அப்ப பட்டி?"

"சூரிய மின்சாரத் தகடு போடுகிற கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன். இருபத்தைந்து வருடக் குத்தகை."

கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. "ஏன்?" என்றாள்.

"உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்," என்றார் அவர். "அதுவரைக்கும், உனக்குச் சரக்கு அனுப்பியாக வேண்டும், அடுத்த வருடமும் அனுப்ப வேண்டும், அதற்காகவாவது திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு காரணம் எதுவும் எனக்கு மிச்சம் இல்லை. கடிதத்தை வாசித்தேன். இனி யாரும் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று ஆகிவிட்டது. அன்று ராத்திரிதான் தூங்கினேன். அதற்கு நன்றி சொல்லத்தான் எடுத்தேன்."

அந்தக் குரலில் குத்தலே இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். ஆறு வருடத்தில் அவர் குரல் அவ்வளவு இலேசாக இருந்து அவள் கேட்டதில்லை.

"இடைவேளை முடிந்துவிட்டது. போகிறேன். உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்."

"ஓம்" என்றாள், ஆங்கிலத்தை மறந்து தமிழில்.

ஃபோன் அணைந்த பிறகும் அதைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காரில் ஒரு பெண் பைகளை ஏற்றிவிட்டு இவளை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனாள். மழை விட்டிருந்தது. இறங்கி உள்ளே போக வேண்டும் என்று கிருசாந்திக்குத் தெரிந்தது. எதை வாங்க வந்தாள் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.