எதிரில் பாஞ்சாலி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. மந்தைவெளிக்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்கும் எங்கள் விளையாட்டு மன்றத்துக்குப் பொன்விழா; மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

[கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கிய நம் மன்றம் இன்று உள்ளரங்கமும் உடற்பயிற்சிக் கூடமுமாக வளர்ந்து]

முடிக்க மனம் வரவில்லை. கொட்டகையில் விளையாடியவர்கள் யாரும் அந்த வாக்கியத்துக்குள் இல்லை.

2

மறுபடி தொடங்குகிறேன், ஜெயலக்ஷ்மியிலிருந்து.

கணக்கு டீச்சர். கணவர் போன பிறகு, "ஆத்துல உக்காந்துண்டு சுவத்தையே பாத்துண்டிருக்க முடியலை" என்று மன்றத்துக்கு வந்தாள். பெண்களுக்கு ஒதுக்கிய நேரத்தில், கேரம் பலகை முன்னால் ஒரே ஒருத்தி: ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து வரும் பாஞ்சாலி. காலையில் மீன் விற்பாள், சாயங்காலம் ஆடுவாள்.

(முதல் பிரதியில் ஜெயலக்ஷ்மி 'வந்தார்', பாஞ்சாலி 'வந்தாள்'. கை தானாக அப்படி எழுதியிருந்தது. பார்த்ததும் இருவரையும் 'வந்தாள்' ஆக்கிவிட்டேன்.)

"இன்னா டீச்சர், ஆட வருமா?"

"வராது. பாத்துண்டிருக்கேன்."

"பாத்துகினே இருந்தா கை வந்துருமா? குந்து."

அன்றிலிருந்து அவர்கள் ஜோடி. கேரம் ஜோடி ஆட்டத்தில் கூட்டாளி பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரில்தான். பாஞ்சாலியின் முகத்தைப் பார்த்தே அடுத்து எந்தக் காய் என்று ஜெயலக்ஷ்மிக்குத் தெரிந்துவிடும். ஒரு வருடம் மன்றப் போட்டியில் ஆண்கள் ஜோடிகளையும் தோற்கடித்துப் பரிசு வாங்கினார்கள். (இங்கே கோப்பை என்று எழுதியிருந்தேன். கொடுத்தது எவர்சில்வர் தூக்கு.)

3

பிறகு ஆற்றங்கரை வீடுகளை இடித்தார்கள். பாஞ்சாலிக்கு மாற்றாக, ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. பஸ் மாறி பஸ் ஏறி வந்து ஆடினாள். அப்போதுதான் மன்றக் குழுவில் ஒரு தீர்மானம்: வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் மட்டுமே உறுப்பினர்கள். ஜெயலக்ஷ்மி அந்தக் குழுவில் இருந்தாள்.

[ஜெயலக்ஷ்மி எழுந்தாள். "அவா என்ன ஆசைப்பட்டா போனா? இது அநி]

அப்படி எழுதத்தான் ஆசை. ஆனால் அவளே என்னிடம் சொன்னாள்: "வாயே திறக்கலை. எல்லாரும் கை தூக்கினா. நானும் தூக்கினேன்."

அந்தக் கையை இறக்கிவிட்டு எழுதிப் பார்த்தேன். கதை நிற்கவில்லை.

அடுத்த வாரம் பாஞ்சாலியை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். உள்ளே இருந்த ஜெயலக்ஷ்மி வெளியே வரவில்லை.

4

அந்த மழைக்காலம் முழுக்க ஜெயலக்ஷ்மி யாரோடும் ஆடவில்லை. பொங்கல் கழிந்ததும் குழுவிலிருந்து விலகினாள். தி. நகரில் புதுப் பலகை ஒன்று வாங்கி, ஆட்டோவில் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு பெரும்பாக்கம் போனாள். எந்த பிளாக் என்று விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தாள். லிஃப்ட் ஓடவில்லை. பலகையைப் படியில் சாய்த்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி ஏறினாள்.

கதவைத் திறந்த பாஞ்சாலி சிரிக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்த டீச்சர்?"

"நானும் கை தூக்கினேன், பாஞ்சாலி. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அன்னிக்கே தெரியும். உள்ள இருந்துகினே நீ வெளில வரல பாரு."

ஜெயலக்ஷ்மி பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிறங்கத் திரும்பினாள்.

"எங்க போற? இம்மாம் படி ஏறி வந்துட்டு, தண்ணி குடிக்காம? உள்ள வா. மூஞ்சி எப்டி வெளுத்துப் போய் கீது பாரு."

5

இங்கேயே முடிக்கலாம். மன்றம் மனம் மாறி விதியை நீக்கியது என்று முடிக்கலாம். ஆனால் விதி அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பலகை இப்போது பிளாக்கின் கீழ்த்தளத்தில் கிடக்கிறது. சாயங்காலமானால் சுற்றிலும் பெண்கள். இதுவும் மன்றத்தின் வரலாறுதான் என்றேன். மலரில் இடமில்லை என்றார்கள்.

பலகை போன அன்றைக்கே அவர்கள் ஆடினார்கள். வேறு ஆள் இல்லாததால், முதல்முறையாக ஒருவரை எதிர்த்து ஒருவர். எதிராளி உட்காருவதும் கூட்டாளி உட்காரும் அதே இடத்தில்தான் என்பது அப்போதுதான் ஜெயலக்ஷ்மிக்கு உறைத்ததாம்.

யார் ஜெயித்தது?

"அவதான். ரெட் காயையும் அவளே போட்டா" என்கிறாள் ஜெயலக்ஷ்மி.

"டீச்சர்தான் கெலிச்சுது" என்கிறாள் பாஞ்சாலி.

ஒருத்தி பொய் சொல்கிறாள். எவள் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.