தோள் மாற்றிய பலகை

விடிந்ததிலிருந்தே சுப்புராயனுக்கு இடது கை கடுத்தது, தோளில் தொடங்கிச் சுண்டுவிரல் வரைக்கும். தாடையை யாரோ உள்ளேயிருந்து நெம்புகிற மாதிரி வேறு.

பீங்கான் கொட்டகையில் இதெல்லாம் வலியில் சேர்த்தியில்லை. சுடாத பொம்மைகளைப் பலகையில் அடுக்கி இடது தோளில் சூளைக்குச் சுமக்கிறவனுக்குக் கை வலிக்காமல் இனிக்கவா செய்யும்? வலித்தால் தோள் மாற்ற வேண்டியது. அங்கே அதுதான் வைத்தியம்.

"தோள மாத்து மாமா. ராத்திரி போட்டது இன்னும் எறங்கல போல" என்று சிரித்தான், கூட வேலை செய்யும் கலியமூர்த்தி.

மாற்றினான். இடது கை விடவில்லை. பலகையையே கீழே வைத்தான். அப்போதும் விடவில்லை. சூளையை இன்னும் பற்றவைக்கவில்லை. முதுகில் மட்டும் வேர்வை, சில்லென்று.

சுமை இறங்கியும் இறங்காத வலி. போன ஐப்பசியில் அண்ணன் சாமிதுரையும் இப்படித்தான் தன் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துடலாமாடா?" என்று கேட்டான். "தோள மாத்துண்ணே, இந்த நடைய முடிச்சிட்டுப் போவலாம்" என்று பலகையைத் தூக்கி அவன் வலது தோளில் வைத்தது சுப்புராயன்தான். அந்த நடை முடியவில்லை; பாதி வழியிலேயே அண்ணன் விழுந்து செத்தான். சூளைச் சூடு அடித்துவிட்டது என்றார்கள். இவனும் சேர்ந்துகொண்டு அதையே சொன்னான்.

"கலியா, வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்கு."

"கை வலிக்கா? மவராசன்தான் நீ!"

"எடுடா!"

இசிஜி தாளைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறியது. ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, "வீட்ல யாருக்காவது நெஞ்சுவலி இருந்துச்சா?" என்றார்.

"எனக்கு நெஞ்சு வலிக்கலீங்களே. கைதாங்க."

"கையிலயும் வரும், தாடையிலயும் வரும். வீட்ல?"

"அப்பா அம்பதத் தாண்டல. அண்ணன் போன வருசம்."

"பீடி?"

"ரெண்டு கட்டு."

"சுகரு?"

"பாத்ததில்லீங்க."

"அண்ணன் போனப்பவே நீங்க வந்து பாத்திருக்கணும்ங்க."

மருந்து ஏற்றிப் படுக்க வைத்தார்கள். உயிர் பிழைத்தான். சாயங்காலம் அண்ணி அம்புஜவல்லி கஞ்சியோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"இது தோள்வலி இல்லன்னு ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது தம்பி? அவுருக்கு வாயத் தொறந்து சொல்லத் தெரியலயே. ஒங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா இழுத்துக்கிட்டு ஓடியிருப்பியே."

சுப்புராயன் கஞ்சியைக் குடித்தான். வயிறு நிறைந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"அண்ணன் சொன்னான், நான்தான் கேக்கல" என்கிற சொல் அண்ணிக்கு அவன் பட்ட கடன். அதை அவன் இன்னும் அடைக்கவில்லை.